மட்டையை மாற்றட்டுமா, விட்டுவிடட்டுமா?

வானொலி நிலையத்துக்கு வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளில் பாதி பாட்டு விருப்பம்தான். மீதியில் பிறந்தநாள் வாழ்த்தும் சாலை நெரிசல் தகவலும் இருக்கும். அவற்றுக்கு நடுவே போன வாரம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நேயர் அனுப்பிய பதிவை நான் இரண்டு முறை கேட்டேன். வயது 36, தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை என்று தொடங்கியவர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“அக்கா, மூணு வருஷமா வாரத்துல மூணு ராத்திரி பிங் பாங் ஆடுறேன். இன்னும் அதே சீன அங்கிள்கிட்டதான் தோக்குறேன். அவருக்கு எழுபது வயசுக்கு மேல. முந்நூறு வெள்ளியில ஒரு மட்டை பாத்து வெச்சிருக்கேன். அத வாங்கட்டுமா, இல்ல இதோட விட்டுடட்டுமா?”

நானும் ஈப்போவில் ஒரு தாமான் மண்டபத்தில் வாரம் இரண்டு இரவு மேசைப்பந்து ஆடுகிறேன் என்று நிகழ்ச்சியில் ஒருமுறை சொன்னதுண்டு. அதை நினைவில் வைத்துக் கேட்டிருக்கிறார். அவர் கேள்வி ஒருவருடைய கேள்வி மட்டும் இல்லை. முப்பது வயதுக்கு மேல் ஏதாவது ஒரு விளையாட்டைக் கையில் எடுத்த எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் வருவதுதான். ஆகவே இந்த வாரப் பத்தி முழுவதும் அவருக்கான பதில். தம்பி, மட்டையையும் மாற்ற வேண்டாம், விளையாட்டையும் விட வேண்டாம். அந்த மூன்று இரவுகளை மாற்றுங்கள்.

மூன்று இரவுகளில் நடப்பது என்ன?

நம் ஊர் மண்டபங்களில் ஆட்டம் எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எட்டரை மணிக்கு விளக்கைப் போட்டு மேசையை விரிப்பார்கள். ஐந்து நிமிடம் கை சூடாகும் வரை தட்டிக்கொண்டிருப்பார்கள். பிறகு யாராவது “புள்ளி வெச்சு ஆடலாமா?” என்பார். அவ்வளவுதான், விளக்கை அணைக்கும் வரை புள்ளி ஆட்டம்தான். மேசை இரண்டு, ஆட்கள் பத்து. வென்றவர் மேசையில் நிற்பார். தோற்றவர் மட்டையை வைத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் உட்கார்ந்து தன் முறைக்கு இருபது நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் குற்றம் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் மேசை கிடைக்க வேண்டும் அல்லவா? ஆனால் அது நமக்குச் சத்தமில்லாமல் ஒரு பாடம் சொல்லித் தருகிறது. புதிதாக ஒன்றை முயன்றால் தோற்பாய், தோற்றால் உட்காருவாய் என்பதுதான் அந்தப் பாடம். ஆகவே நாம் என்ன செய்கிறோம்? கைவசம் இருக்கும் இரண்டு அடிகளை வைத்தே சமாளிக்கிறோம். பேக்ஹேண்ட் வராதவர் மேசையின் ஒரு மூலைக்கு நகர்ந்து நின்று எல்லாப் பந்தையும் ஃபோர்ஹேண்டில் அடிக்கப் பார்க்கிறார். சுழல் சர்வீஸ் எடுக்கத் தெரியாதவர் பந்தைத் தூக்கி மட்டும் விடுகிறார். மூன்று வருடம் கழித்து அந்தச் சமாளிப்பு கைதேர்ந்துவிடுகிறது. ஆட்டமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எழுபது வயது அங்கிளுக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் பேக்ஹேண்ட் மூலை எங்கே இருக்கிறது என்பது உங்கள் வீட்டு முகவரியைவிட அவருக்குத் தெளிவாக நினைவிருக்கும். அவர் ஓடுவதில்லை, அடித்து நொறுக்குவதும் இல்லை. அந்த மூலைக்குப் பந்தை அனுப்பிவிட்டு நீங்களே வலையில் போடுவதற்காகக் காத்திருக்கிறார். லக்ஸம்பர்க் நாட்டுக்காக ஆடும் நி சியாலியான் 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது வயது 58. எதிரே நின்ற கொரியப் பெண்ணுக்கு 17. கடைசியில் இளையவர்தான் வென்றார், ஆனால் அதற்கு ஏழு செட்டும் தேவைப்பட்டன. எதிராளியை வாசிக்கத் தெரிந்தால் வயது அவ்வளவு பெரிய பாரம் இல்லை.

கைக்குத் தெரிந்ததைத்தான் கை செய்யும்

மேசைப்பந்து மேசையின் நீளம் 2.74 மீட்டர். வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர். பந்தின் எடை 2.7 கிராம், கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. இவ்வளவு குறுகிய தூரத்தில் பந்து வந்து சேரும் நேரத்துக்குள் “இதற்கு எந்த அடி சரி?” என்று யோசிக்க முடியாது. யோசித்து முடிப்பதற்குள் பந்து முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். ஆகவே ஆட்டத்தின் நடுவில் கை தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் செய்யும். “இன்று புது பேக்ஹேண்ட் அடிப்பேன்” என்று வீட்டிலிருந்து முடிவெடுத்துக்கொண்டு வந்தாலும், 9க்கு 9 என்று வந்தவுடன் கை பழைய வழிக்கே திரும்பிவிடும். இது மனத்திண்மை இல்லாததால் வருவது இல்லை. உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். புது அடியைப் புள்ளி ஆட்டத்தில் கற்க முடியாது. புள்ளி இல்லாத இடத்தில், ஒரே மாதிரி வரும் பந்தில், நூற்றுக்கணக்கான முறை அடித்துத்தான் கற்க வேண்டும். அப்படியே கற்றாலும், அது புள்ளி ஆட்டத்துக்குள் வந்து சேரும்வரை சில வாரங்கள், சில மாதங்கள், முன்பைவிட அதிகமாகத் தோற்கத்தான் வேண்டியிருக்கும். பழைய சமாளிப்பைக் கைவிட்டுவிட்டோம், புதியது இன்னும் கைக்கு வரவில்லை. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலோர் திரும்பி ஓடிவிடுகிறார்கள். பெரியவர்கள் மேசைப்பந்தில் முன்னேறாமல் இருக்க முதல் காரணம் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அந்த இடைவெளியைக் கடக்கும்வரை நாலு பேர் முன்னால் தோற்க நாம் சம்மதிப்பதில்லை.

சென்னையிலிருந்து மூன்று பேர்

இது நமக்கு மட்டும் வரும் சங்கடமா? சென்னையைப் பாருங்கள். வி. சந்திரசேகர் மூன்று முறை இந்தியத் தேசிய வெற்றியாளர், 1982இல் அர்ஜுனா விருது பெற்றவர். 1984இல் முழங்காலில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருடைய பேச்சு, பார்வை, நடை மூன்றும் பாதிக்கப்பட்டன. நாட்டிலேயே முதல் மட்டையாக இருந்தவர் நடப்பதிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டி வந்தது. அவர் அதையும் செய்தார், பிறகு பயிற்றுநரானார். 2021 மே மாதம் கோவிட் தொற்றில் காலமானபோது, அவரிடம் பயின்ற பல தலைமுறை ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் எஸ். ராமனும் ஒருவர், ஜி. சத்தியனும் ஒருவர்.

சத்தியனைப் பிற்பாடு வளர்த்தெடுத்த பயிற்றுநர் அதே ராமன். பொறியியல் படித்துக்கொண்டே ஆடிய பையன் சத்தியன். தூரத்தில் நின்று பலமாக அடிப்பது அவர் பாணி இல்லை. மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே அதைச் சந்தித்து, எதிராளியின் நேரத்தைத் திருடுவதுதான் அவர் ஆட்டம். 2019இல் உலகத் தரவரிசையில் 24ஆம் இடம் வரை போனார். அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியில், அப்போது உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவராக இருந்த ஜப்பானின் ஹரிமோத்தோவை வென்றார். 2020 ஊரடங்கில் எதிரே ஆட ஆள் இல்லாதபோது, வீட்டிலேயே பந்து வீசும் இயந்திரம் ஒன்றை வைத்துப் பயிற்சி செய்தார். அந்த மாதங்களில் புள்ளியும் கிடையாது, வெற்றியும் கிடையாது. திரும்பத் திரும்ப வரும் பந்து மட்டும்தான்.

எனக்குப் பிடித்த பகுதி அடுத்து வருகிறது. 2021 ஜூலையில் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாங்காங் ஆட்டக்காரருக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்த சத்தியன், கடைசியில் 3-4 என்று தோற்றார். ஒலிம்பிக் என்பது நாலு வருடத்துக்கு ஒருமுறை வருவது, அதிலும் இது அவருக்கு முதல் ஒலிம்பிக். சில வாரங்கள்தான் கழிந்தன. ஆகஸ்ட்டில் செக் நாட்டில் நடந்த அனைத்துலகப் போட்டியில் ஒற்றையர் பட்டத்தை வென்றார். தோல்வி அவரைத் தொடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அது நிச்சயம் வலித்திருக்கும். வலியோடு அடுத்த போட்டிக்குப் போய் நின்றார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மூன்றாமவர் அசந்தா சரத் கமல். 2006இல் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். அதே தங்கத்தை மறுபடியும் கையில் வாங்க 16 ஆண்டுகள் ஆயின. 2022இல் பர்மிங்ஹாமில் அவருக்கு வயது 40. இறுதி ஆட்டத்தில் முதல் செட்டை இங்கிலாந்து ஆட்டக்காரரிடம் இழந்தார், அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்றார். அதே பர்மிங்ஹாமில் கலப்பு இரட்டையர் இறுதியில் அவரும் ஸ்ரீஜா அகுலாவும் வென்றது யாரைத் தெரியுமா? நம் மலேசிய இணையான ஜேவன் சூங், கேரன் லைன் இருவரைத்தான். நமக்கு அன்று வெள்ளி. சரத் 2025 மார்ச்சில் சொந்த ஊரான சென்னையில் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார்.

வயதைப் பற்றி இன்னும் சந்தேகம் இருந்தால் நம் தலைநகரையே கேளுங்கள். 2000ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த உலகக் குழுப் போட்டியின் ஆடவர் இறுதியில் சுவீடன் சீனாவை 3-2 என்று வென்றது. சுவீடன் அணியின் வால்ட்னருக்கு அப்போது 34 வயது, பெர்சனுக்கு 33. 2001 முதல் 2024 வரை நடந்த உலகக் குழுப் போட்டிகள் அத்தனையிலும் சீன ஆடவர் அணியே வென்றிருக்கிறது. அந்த நீண்ட ஆதிக்கத்துக்கு முன் சீனாவைக் கடைசியாகச் சாய்த்தவர்கள், மலேசிய மண்ணில் நின்று ஆடிய முப்பது வயதுக்காரர்கள்.

கத்தி பிடித்த கை

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். மண்டபத்தில் நான் அதிகம் பார்ப்பது பந்தை ‘அறைவது’. டாப்ஸ்பின் என்பது அறைவது இல்லை, பந்தின் தோலைச் சீவுவது. மட்டை பந்தை எவ்வளவு மெல்லியதாகத் தொட்டு மேல்நோக்கி இழுக்கிறதோ, அவ்வளவு சுழல் கிடைக்கும். சுழன்று போகும் பந்து வலையைத் தாண்டியதும் தானாகவே கீழே இறங்கும். அதனால்தான் வேகமாக அடித்தாலும் மேசைக்குள் விழுகிறது.

இதை எனக்கு விளங்க வைத்தது எந்தக் காணொளியும் இல்லை. செம்மோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிய என் பாட்டியின் கைதான். அந்தக் காலத்துப் பால்வெட்டுக்காரர் ஒரு காலைக்குள் 300 முதல் 500 மரங்கள் வரை சீவுவார். ஒவ்வொன்றிலும் பட்டையை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குமேல் எடுக்கக் கூடாது. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் மங்கில் பால் விழாது. பாட்டி கத்தியை இறுக்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை. “இறுக்கிப் புடிச்சா கை வலிக்கும், மரமும் அழும்” என்பார். மட்டைக்கும் அதே கணக்குதான். இறுக்கிப் பிடித்த கையில் மணிக்கட்டு வேலை செய்யாது, பந்து வந்து மோதும் உணர்வும் விரலுக்குத் தெரியாது. பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் மட்டும் பிடி இறுகினால் போதும். மற்ற நேரமெல்லாம் பறவைக் குஞ்சைப் பிடித்திருப்பதுபோல் இருக்கட்டும்.

அடுத்தது கால். கை அடிக்கிறது என்று நினைக்கிறோம், ஆனால் அடியைச் சரியான இடத்தில் வைப்பது கால். முழங்காலைச் சற்றே மடக்கி, எடையை முன்பாதத்தில் வைத்து நில்லுங்கள். அடித்து முடித்ததும் மட்டையை வயிற்றுக்கு முன்னால் நடுவில் கொண்டுவாருங்கள். அடித்த அடியை ரசித்துக்கொண்டு நின்றால் அடுத்த பந்து போய்விடும்.

மூன்றாவது சர்வீஸ். எதிராளி தொந்தரவு இல்லாமல் உங்கள் விருப்பப்படி அடிக்கக்கூடிய ஒரே பந்து அதுதான், ஆனால் நாம் தனியாகப் பழகாததும் அதைத்தான். விதிப்படி பந்து விரித்த உள்ளங்கையில் இருக்க வேண்டும். மேசையின் பின்விளிம்புக்கு வெளியே, மேசை மட்டத்துக்கு மேலே, குறைந்தது 16 சென்டிமீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாகத் தூக்க வேண்டும். மண்டபத்தில் யாரும் கேட்பதில்லை என்று கையிலிருந்தே அடித்துப் பழகியவர், மாநிலப் போட்டி என்று ஒன்றுக்குப் போனால் நடுவரிடம் புள்ளிகளை இழந்துகொண்டிருப்பார். எல்லாருக்கும் முன்னால் பதினைந்து நிமிடம் வந்து தனியாக ஐம்பது சர்வீஸ் போடுங்கள். அதற்குத் துணை தேவையில்லை, காசும் தேவையில்லை.

எதிராளி எடுக்கும் சர்வீஸில் பந்தைப் பார்க்காதீர்கள், அவர் மட்டையைப் பாருங்கள். அது பந்தின் அடிப்பாகத்தைத் தொட்டால் கீழ்ச்சுழல். சாதாரணமாகத் தட்டினால் வலையில் விழும், ஆகவே மட்டையின் முகத்தை மேல்நோக்கித் திறந்து தூக்க வேண்டும். பந்தின் மேல்பக்கத்தைத் தொட்டால் மேல்சுழல். அதற்கு முகத்தைச் சாய்த்து மூட வேண்டும், இல்லாவிட்டால் பந்து கூரைக்குப் போகும். அங்கிளின் மந்திரம் என்று நாம் நினைப்பதில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

மட்டை விஷயம்

மட்டைக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ கனமான ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்து ஒற்றையர் பட்டத்தைத் தட்டிச் சென்றார். பந்து படும் ஓசைகூட எதிராளிகளுக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு இந்த விளையாட்டே மாறிப்போனது. ஆனால் இன்று மண்டபத்தில் எல்லார் மட்டையிலும் ஸ்பாஞ்சு இருக்கிறது. முந்நூறு வெள்ளி மட்டை தரும் வேகம், அடி ஒழுங்கு இல்லாத கையில் பந்தை இன்னும் வேகமாக வெளியே அனுப்பும்.

இப்போதைய மட்டையின் ரப்பர் தாள் வழுவழுப்பாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். பந்தை அதன்மேல் உருட்டினால் பிடிக்காமல் சறுக்கினால் தாளை மாற்றலாம், மரத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் துடைத்து உறையில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் தூசும் சேர்ந்தால் எந்தத் தாளும் சீக்கிரம் சாகும். இன்னொரு விஷயம், அந்தத் தாளில் இயற்கை ரப்பரும் கலந்திருக்கும். நம் பாட்டன் பாட்டி தலைமுறை தலைமுறையாகச் சீவியது நம் கைக்கே வேறு உருவத்தில் வந்திருக்கிறது. அதைத் துடைத்து வைக்க அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே

மனத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. நேரலையில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. ஒரு சொல் பிசகிவிட்டால் கேட்பவர் அதை இரண்டு விநாடியில் மறந்துவிடுவார். அறிவிப்பாளர் அதையே நினைத்துக்கொண்டிருந்தால்தான் அடுத்த மூன்று வாக்கியமும் கெடும். மேசைப்பந்தில் ஒரு செட் 11 புள்ளி. 2001க்கு முன் 21 புள்ளியாக இருந்தது, அப்போது தடுமாறி எழுந்திருக்க இடம் இருந்தது. இப்போது ஒரு தவறான அடியை நினைத்துக்கொண்டே நாலு புள்ளி ஆடினால் செட் போய்விடும்.

விதியே நமக்கு ஓய்வு தருகிறது, நாம்தான் எடுப்பதில்லை. ஆறு புள்ளிக்கு ஒருமுறை துண்டால் முகம் துடைத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு ஒருமுறை ஒரு நிமிட இடைவேளை கேட்கலாம். பெரிய ஆட்டக்காரர்கள் துண்டிடம் போவது வியர்வைக்காக மட்டும் இல்லை. மூச்சை நீளமாக விட்டு, அடுத்த புள்ளிக்கு ஒரே ஒரு முடிவெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். “அடுத்த சர்வீஸ் குட்டையாக, அவர் ஃபோர்ஹேண்டுக்கு” என்பது போன்ற முடிவு. “தோற்கக் கூடாது” என்பது முடிவு இல்லை. அதை வைத்துக்கொண்டு கை எதுவும் செய்ய முடியாது.

எங்கள் மண்டபத்திலும் பேனா பிடியில் ஆடும் ஒரு சீன அங்கிள் உண்டு. கீழ்ச்சுழலுக்கு எதிராக பேக்ஹேண்ட் டாப்ஸ்பின் கற்கத் தொடங்கிய மாதங்களில், முன்பு நான் எளிதாக வென்றவர்களிடமெல்லாம் தோற்றேன். ஓர் இரவு நான் வரிசையின் கடைசியில் உட்காரப் போனபோது அவர் மலாய் மொழியில் சொன்னார்: “கலா பூன் தாக் ஆப்பா, ஜஞ்சி புக்குல் பெத்துல்.” தோற்றாலும் பரவாயில்லை, அடி சரியாக இருந்தால் போதும். அந்த அடி இன்னும் பத்துக்கு மூன்று வலையில்தான் விழுகிறது. ஆனால் மீதி ஏழு விழும் மூலை, போன வருடம் என்னிடம் இல்லாத மூலை.

ஆறு வாரம்

ஆகவே தம்பி, ஆறு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். மூன்று இரவில் ஓர் இரவைப் புள்ளி இல்லாத இரவாக்குங்கள். உங்களைப்போலவே தேங்கி நிற்கும் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நிச்சயம் ஒருவர் இருப்பார். ஒரு வாளியில் ஐம்பது அறுபது பழைய பந்துகள். ஒருவர் பேக்ஹேண்ட் பக்கமாகவே போட்டுக்கொண்டிருக்க, மற்றவர் அடிக்க வேண்டும். வாளி காலியானதும் இடம் மாறுங்கள். ஒரு மாதத்துக்கு ஓர் அடி மட்டும். கைப்பேசியை நாற்காலியில் சாய்த்துவைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள், நம் உடம்பு என்ன செய்கிறது என்று நாம் நினைப்பதும் உண்மையில் அது செய்வதும் வேறு வேறு. மற்ற இரண்டு இரவுகள் வழக்கம்போல் புள்ளி ஆடுங்கள், ஆனால் வெற்றியை எண்ணாதீர்கள். புது அடியை எத்தனை முறை துணிந்து முயன்றீர்கள் என்று எண்ணுங்கள். கடைசியாக, அந்த அங்கிளிடமே போய்க் கேளுங்கள். உங்கள் ஓட்டை எது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். கேட்டால் சொல்லித் தரும் ஆள் அவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேலை முடிந்து வந்து சிரித்துப் பேசி ஆட்டம் போடுவதற்குத்தானே, இவ்வளவு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அதுவும் நியாயம்தான், அப்படி ஆடுபவர்களிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் விட்டுவிடலாமா என்ற அளவுக்கு இவர் வந்துவிட்டார், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

தோட்டத்தில் இருந்தபோது லயத்துக்கு முன்னால் திடல் இருந்தது. சாயங்காலம் பந்து உதைக்க இருபது பேர் தானாகச் சேர்வார்கள். தோட்டங்கள் கைமாறி, செம்பனையாகி, வீடமைப்புப் பகுதியாகி, ஆட்கள் நாலு திசைக்கும் அடுக்குமாடிக்கும் பிரிந்த பிறகு திடலும் இல்லை, இருபது பேருக்கு ஒரே நேரத்தில் ஓய்வும் இல்லை. ஒருவருக்குக் காலை ஷிஃப்ட், இன்னொருவருக்கு இரவு. மேசைப்பந்துக்கு வேண்டியது ஒரு மேசையும் இரண்டு பேரும்தான். மழை பெய்தாலும் ஆடலாம், முழங்கால் தேய்ந்தாலும் ஆடலாம். எழுபது வயதுச் சீனரும் முப்பத்தாறு வயதுத் தமிழரும் ஒரே மேசையில் சரிசமமாக நிற்கும் இடங்கள் நம் ஊரில் எத்தனை இருக்கின்றன? தோற்கிற கூச்சத்தில் அதை விட்டால், விட்டுப்போவது ஒரு விளையாட்டு மட்டும் இல்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நமக்கென்று இருந்த வாரத்தின் மூன்று இரவுகளும் போய்விடும்.

அந்த முந்நூறு வெள்ளியை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். அதில் இருபது முப்பது வெள்ளிக்கு ஒரு வாளிப் பயிற்சிப் பந்து வாங்குங்கள். ஆறு வாரம் கழித்து இன்னொரு குரல் பதிவு அனுப்புங்கள். அங்கிளை வென்றீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. பேக்ஹேண்ட் மூலைக்கு அவர் இன்னும் முன்போலவே பந்தை அனுப்புகிறாரா, இல்லை யோசிக்கத் தொடங்கிவிட்டாரா என்று மட்டும் சொல்லுங்கள்.